ஃப்ளூ ஊசியா, ஏர் பியூரிஃபயரா?

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள எங்கள் சரக்கு அலுவலகத்தில் கோவிட் காலத்தில் வாங்கிய பியூரிஃபயர் இன்னும் நிற்கிறது. ஆனால் இப்போது காசு போவது ஊழியர்களின் ஃப்ளூ ஊசிக்கு. அலுவலகத்துக்கு எது தோது என்று கேட்டால், நான் ஊசி கட்சி.

கை கழுவுவது, சளி பிடித்தால் முகக்கவசம் போடுவது எல்லாம் தெரிந்த கதை. எதை வாங்கினாலும் அவையும் வேண்டும்.

பியூரிஃபயர் பக்கமும் நியாயம் உண்டு. இங்குள்ள ஸ்பிளிட் ஏர்கான் அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஜன்னலை யாரும் திறப்பதில்லை. பியூரிஃபயரில் உள்ள, நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் ஃப்ளூ, சாதாரண சளி என்று பார்க்காமல் மிதக்கும் துளிகளைப் பிடிக்கும். ஊசியோ ஃப்ளூவுக்கு மட்டும்தான்.

சரி, அந்த ஃபில்டரை யார் மாற்றுவது? அங்கேதான் உதைக்கிறது. மாற்றச் சொல்லி எரியும் சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று யாரோ அதன்மேல் மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் முழுக்கச் சாம்பல் நிறத் தூசு அப்பிக் கிடந்தது. போன் பேச முடியவில்லையென்று வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைத்தால் அவ்வளவு பெரிய அறைக்கு அது போதாது. புது ஃபில்டர் கேட்டால் அந்த மாடலே நின்றுவிட்டதாம்.

ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை. வருடத்துக்கு ஒரு நாள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஃப்ளூ ஆண்டு முழுக்க உண்டு. ஆண்டின் நடுவிலும் கடைசியிலும் கூடும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் நாங்கள் நவம்பரில் போட்டுக்கொள்கிறோம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் சொந்தமாகப் போட்டுக்கொள்வதென்றால் மெடிசேவை (மத்திய சேம நிதியில் உள்ள மருத்துவச் சேமிப்பு) பயன்படுத்தலாம்.

எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ் காட்டி எடுக்கும் விடுப்பு, குறைந்ததா? குறைந்த மாதிரிதான் தெரிகிறது. இவ்வளவு சின்ன அலுவலகத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் மசியாதது ஒன்று உண்டு. ஆறு மாதம் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு. ஆனால் எம்சி எடுத்தால் முழு வருகைக்கான அலவன்ஸ் போய்விடும் என்று எங்கள் டிரைவர்கள் காய்ச்சலோடு வந்து இருமுகிறார்கள். அந்த விதியை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். ஃபில்டர் காசு மிச்சம்தானே, அதில் அலவன்ஸைக் கொடுக்கலாமே!