தம்பியின் தமிழையும் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டோம்

வழக்கமாகத் தீபாவளியை ஒட்டித்தான் பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வருவேன். இந்தத் தடவை வந்தது தம்பியின் மூளை அறுவை சிகிச்சைக்காக. ஆறு வாரம் ஈசூன் வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

தம்பிக்குப் பதினொரு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை. பேசிக்கொண்டே இருப்பான், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். எதையோ மெல்வதுபோல வாய் அசையும். வலது கை முறுக்கிக்கொள்ளும், இடது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். ஒன்றரை நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகும் பத்து நிமிடத்துக்குப் பேச்சு வராது. அந்த நாளில் அம்மா பதறிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணிப்பார். அந்தப் பத்து நிமிட மௌனத்தை இத்தனை வருடம் நாங்கள் களைப்பு என்றுதான் நினைத்திருந்தோம். வலிப்பு இடது நெற்றிப்பொட்டுப் பகுதியில், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் கிளம்புகிறது என்பதற்கு அதுவே பெரிய தடயம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் கைப்பேசியில் படம் எடுங்கள். முக்கியமாக, நின்ற பிறகு வரும் நிமிடங்களையும் எடுங்கள்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. உலக வலிப்பு மருத்துவர்களின் சங்கம் 2010இல் வகுத்த விளக்கம் இது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார். தம்பி ஐந்து மருந்து பார்த்துவிட்டான். இரண்டாவது மருந்து தோற்றபோதே அறுவை சிகிச்சைபற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கனடாவில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு வருட முடிவில், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 8 விழுக்காடு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆய்வு வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

சேவை என்று பார்த்தால் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. அரசாங்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனதால் மானியம் கிடைத்தது. வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, வார்டில் கேமராவின் கீழே, தலை முழுக்க ஒயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து வலிப்புக்காகக் காத்திருந்த நாட்களில் தாதியர் எங்களையும் சேர்த்தே கவனித்துக்கொண்டார்கள். செலவுக்கு, மருத்துவச் சமூக சேவகரை முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பார்த்துவிடுங்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் என்ற காப்புறுதி எதற்குக் கொடுக்கும், மானியமுள்ள பி2 வார்டா சி வார்டா என்பதை அவர் உட்காரவைத்து விளக்குவார்.

எனக்கு மனம் பொறுக்காதது ஒன்றுதான். வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டும்போது பேச்சு போய்விடக்கூடாது என்று அறுவைக்கு முன் பேச்சுத் திறனைச் சோதித்தார்கள். சோதித்தது முழுக்க ஆங்கிலத்தில். பெயர் சொல்லக் காட்டிய படங்களில் பீவர் என்ற விலங்கு இருந்தது, பனிக்கட்டி வீடு இருந்தது. தம்பி விழித்தான், மதிப்பெண் குறைந்தது. அவன் சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை நடத்துகிறவன். காலையிலிருந்து இரவுவரை அவன் வாயில் வருவது தமிழ். “அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாரே” என்றார்கள். பேசுவான்தான். ஆனால் அறுவை சிகிச்சையில் தமிழ் போய்விட்டால் அவன் கடையும் போகும், அம்மாவோடு பேச்சும் போகும். இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டு மொழியின் பெயர்ச்சொற்களும் மூளையில் முழுக்க ஒரே இடத்தில் அமைவதில்லை என்று 1978லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வாயால் கேட்டபோது தலையாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடிதமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சுச் சிகிச்சையாளர் எங்களைக் கூப்பிட்டு, “அப்படியானால் படங்களை நீங்களே கொண்டுவாருங்கள்” என்றார். அதன் பிறகு அவர் எங்களுக்காக உழைத்ததை மறக்க முடியாது.

இரண்டு நாள் அம்மாவும் நானும் படம் எடுத்தோம். முறுக்கு அச்சு, குத்துவிளக்கு, முருங்கைக்காய், தராசு, டுரியான், அரிவாள்மனை. அறுவைக்கு முதல் நாளே தம்பியிடம் காட்டி, அவன் தடுமாறிய படத்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அறுவையின்போது தடுமாறினால் அது மூளையில் தொடும் மின்சாரத்தால்தான் என்று உறுதியாகத் தெரியவேண்டுமே.

மண்டை ஓட்டைத் திறந்த பிறகு அவனை எழுப்பினார்கள். மூளைக்கு வலி தெரியாது, தோலை மரத்துப்போகச் செய்தால் போதும். ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிறிய அளவு மின்சாரத்தைத் தொட்டு, ஒரு படம் காட்டுவார்கள். “இது ஒரு” என்று தொடங்கித்தான் அவன் சொல்லவேண்டும். அந்த இரண்டு வார்த்தையும் வந்து பெயர் மட்டும் வராமல் நின்றால், அங்கே பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் கத்தி படக்கூடாது. தமிழ் தெரிந்த ஒரு தாதி அவன் முகத்தருகே உட்கார்ந்து கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தராசைப் பார்த்து “இது ஒரு… இது ஒரு…” என்று நின்றுவிட்டானாம். அதே இடத்தில் ஆங்கிலப் பெயர் வந்ததாம். அங்கே ஒரு சின்னக் காகிதத்துண்டை அடையாளமாக வைத்து, அதை விட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

மூன்றாம் நாள் வீக்கத்தால் பேச்சு மோசமானது. கஞ்சி கொண்டுபோனேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, “அது… அள்ளி… சாப்பிடுறது” என்றான். கரண்டி என்று வரவில்லை. அம்மா வெளியே போய் நின்றுகொண்டார். இது பெரும்பாலும் சில வாரத்தில் தேறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பத்தாம் நாள் கரண்டி வந்தது. அரிதான பெயர்களுக்கு இன்னும் தேடுகிறான்.

பேச்சுப் பயிற்சி இப்போது ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. தமிழ்ப் பயிற்சி வீட்டில் நடக்கிறது. நாங்கள் எடுத்த படங்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். அண்ணன் மகள் தினமும் ஐந்து கேட்கிறாள். மாத்திரை தொடர்கிறது. நான் கிளம்பும்வரை, முப்பத்தொரு நாளாக, வலிப்பு வரவில்லை.