260 எழுத்தும் ஒரு மின்னலும்: இரண்டு கன்சோல்களோடு ஐந்து ஆண்டுகள்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த கேம் கன்சோல் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. அதைத் திரும்ப மாட்டி, கேபிள்களை எல்லாம் செருகி முடிப்பதற்குள் நண்பனிடமிருந்து போன். "பிஎஸ்5 வாங்கட்டுமா, எக்ஸ்பாக்ஸ் வாங்கட்டுமா? நீதான் ரெண்டையும் வச்சிருக்கியே, சொல்லேன்." அவன் நேரம் கெட்ட நேரத்தில் கேட்டுவிட்டான். அப்போது சொன்ன பதில் கோபத்தில் சொன்னது. ஒரு வாரம் ஆறப்போட்டு இப்போது எழுதுகிறேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், இரண்டும் 2020 நவம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் வந்தவை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ்5 10.28 டெராஃப்ளாப் (கணக்கிடும் வேகத்தின் அளவு) என்று அப்போது ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஓட்டப் பந்தய கேம், துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒருவேளை உதவலாம். நானும் நண்பனும் ஆடுவது ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி நீண்ட கதையை ஆடுகிற கேம். எண்பது மணி நேரம், நூறு மணி நேரம் ஒரே கதைக்குள் குடியிருக்கிற ஆட்கள் நாங்கள். பத்தாவது மணி நேரத்துக்கு மேல் புல்லின் நுனி எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருடத்தில் நான் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது சேவ், அதாவது ஆடிய இடம் வரை பதிந்து வைக்கிற ஃபைல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடியும் மழையுமாக இருந்த ஒரு இரவு மின்னல் இறங்கி, இரண்டு கன்சோல்களில் ஒன்றின் போர்டு போய்விட்டது. எது என்பது முக்கியமில்லை, மின்னலுக்கு எந்தப் பெட்டியும் ஒன்றுதான். அதற்கு முன்பு இரண்டு வாரமாக வீட்டில் இணையம் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் ஒரு நீண்ட ஜப்பானிய ஆர்பிஜியில் 31 மணி நேரம் ஆடியிருந்தேன். கிளவுடில், அதாவது கன்சோல் நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், இருந்தது அந்த 31 மணி நேரத்துக்கு முந்தைய நிலை. பழுது பார்த்தவர் நல்ல மனிதர். "பெட்டியைச் சரி செய்து தருகிறேன், உள்ளே இருந்ததை மட்டும் கேட்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கன்சோல்மீது பழி போடுவது நியாயமில்லை, தெரியும். ஆனால் எனக்குப் பொறுக்காத விஷயம் வேறு. அந்த 31 மணி நேரம் மொத்தமும் சில மெகாபைட்தான் இருக்கும். மேஜை இழுப்பறையில் நாலு பென்டிரைவ் கிடக்கிறது. அதில் ஒரு பிரதி எடுத்து வைக்க எனக்கு வழியே இல்லை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலுமே இந்தத் தலைமுறை கேமின் சேவ் ஃபைலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. பெட்டிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களுடைய கிளவுடில் இருக்கும். என் கையில் இருக்காது.

ஒரு காலத்தில் இருந்தது. முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு வெறும் 128 கிலோபைட், பதினைந்து கட்டம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போவேன். அவனுடைய கன்சோலில் செருகினால் என் குழு, என் ஆயுதம், நான் விட்ட ஊர், எல்லாம் அப்படியே இருக்கும். சுய்கோடென் என்ற ஆர்பிஜியின் முதல் பாகத்தை முடித்த சேவ் அந்தக் கார்டில் இருந்ததால், 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பழைய நாயகனையே தேடிப் பிடித்துக் குழுவில் சேர்க்க முடிந்தது. அவன் ஒரு சின்ன ஊரில் மீன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முதல் பாகத்தில் அவனை வழிநடத்தியது நான்தான் என்பதை அந்த கேம் நினைவில் வைத்திருந்தது. ஒரு கேமுக்காக எனக்கு முதன்முதலாகத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

அப்புறம் கோல்டன் சன் என்ற ஆர்பிஜி. நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான கேம்பாய் அட்வான்ஸில் 2001-இல் முதல் பாகம், 2002-இல் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் சேர்த்ததை இரண்டாவதுக்குக் கொண்டுபோக இரண்டு கேம்பாய்களை கேபிள் போட்டு இணைக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பாஸ்வேர்ட் வைத்திருந்தார்கள். லெவல் மட்டுமல்ல, பொருள், காசு எல்லாம் வேண்டுமென்றால் அதன் நீளம் 260 எழுத்து. அந்த கேம்பாயின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சந்தேகம் வந்தால் அடியில் ஒரு கோடு. பத்துப் பத்தாகப் பிரித்துக் கட்டம் கட்டினேன். முதல் தடவை இரண்டாம் பாகத்தில் அடித்தபோது ஏற்கவில்லை. எங்கோ ஒரு எழுத்து தப்பு. மறுபடி முதலிலிருந்து. ஏற்றுக்கொண்ட அந்த நொடி இப்போதும் நினைவிருக்கிறது. இத்தனைக்கும் பழைய குழு கதையின் பின்பாதியில்தான் வந்து சேரும். அதுவரை அவர்கள் வருவார்கள் வருவார்கள் என்று காத்திருந்ததே ஒரு தனி சுகம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மின்னலுக்கு அடுத்த நாள் எடுத்துப் பார்த்தேன். பென்சில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் 260 எழுத்தும் படிக்க முடிகிறது.

சீக்வெல் என்றால் அடுத்த கதை மட்டும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை கேம் தொடரை ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதல் பாகத்தில் விர்மைர் என்ற கிரகத்தின் கடற்கரையில், நம் குழுவில் இருக்கும் வேற்றுக்கிரக வீரன் ரெக்ஸ் தனியாக நின்று தண்ணீரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பான். அவன் இனத்தையே அரித்துக்கொண்டிருக்கும் நோய்க்கு மருந்து அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அதைத்தான் நாம் அழிக்க வந்திருக்கிறோம். துப்பாக்கி நம் பக்கம் திரும்பும். பேசிச் சமாதானம் செய்யாவிட்டால் அவன் அந்த மணலிலேயே செத்துப்போவான். காப்பாற்றி, அந்த சேவ் ஃபைலை இரண்டாம் பாகத்தில் ஏற்றினால், சொந்தக் கிரகத்தில் தலைவனாக உட்கார்ந்திருக்கும் அவன், நம்மைப் பார்த்ததும் எதிரே நிற்கிறவனைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து கையைப் பிடிப்பான். சேவ் இல்லாமல் ஆரம்பித்தால் அந்த கேமின் கணக்கில் ரெக்ஸ் இறந்தவன். உட்கார்ந்திருப்பது வேறொருவன்.

இங்கேதான் கன்சோல் சண்டை கதைக்குள்ளேயே நுழைகிறது. இரண்டாம் பாகம் 2011 ஜனவரியில் பிஎஸ்3-க்கு வந்தபோது அங்கே முதல் பாகம் இல்லை. அதனால் ஆரம்பத்தில் ஒரு காமிக்ஸ் ஓடும். நடுவில் நிறுத்தி, ரெக்ஸை என்ன செய்தாய் என்று கேட்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் பிழைத்துக்கொள்வான். நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடற்கரையில் என்ன சொன்னால் துப்பாக்கியைக் கீழே இறக்குவான் என்று தெரியாமல் உள்ளங்கை வியர்த்தவனும், பொத்தானை அழுத்தியவனும் ஒரே கேமை ஆடியதாக நான் ஏற்க மாட்டேன். தப்பான பெட்டியை வாங்கியவனுக்கு நண்பன் கிடைத்தான், நட்பு கிடைக்கவில்லை.

வழியே இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வழி இருக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட்டில் விட்சர் 3 என்ற ஆர்பிஜி அதைச் செய்தது. ஒரு கன்சோலில் விட்ட இடத்திலிருந்து போட்டி கன்சோலில் தொடரலாம். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜியிலும் அப்படியே. மின்னல் அடித்தபோது அதில் நான் மூன்றாம் அங்கத்தில் இருந்தேன், அதுவும் செத்துப்போன அதே பெட்டியில். இணையம் திரும்பி வந்ததும் இன்னொரு கன்சோலில் கேமை இறக்கி, அதைச் செய்த லாரியன் நிறுவனத்தின் கணக்கில் நுழைந்தேன். பட்டியலில் என் சேவ்கள் வரிசையாக வந்து நின்றன. இணையம் போவதற்கு முன் கடைசியாக ஆடிய இடம். திறந்தால் முகாம், கூடாரங்கள், என் குழுவின் கார்லாக் தன் இடத்தில் நிற்கிறாள். ஜென்மப் பகையாளிகள் என்று எல்லோரும் சொல்கிற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே என் குழு நடந்தே வந்துவிட்ட மாதிரி இருந்தது. இந்த ஐந்து ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதைச் செய்து காட்டியது கன்சோல்காரர்கள் அல்ல, கேம் செய்தவர்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, நண்பன் கேட்டது பெட்டியைப் பற்றி. சேவ் விஷயத்தை வைத்து மட்டும் பார்த்தால் எக்ஸ்பாக்ஸ்தான் முன்னால் நிற்கிறது, சந்தேகமே இல்லை. அங்கே கிளவுட் சேவுக்குத் தனிச் சந்தா கிடையாது. பிஎஸ்5-இல் பிளேஸ்டேஷன் பிளஸ் வேண்டும். குவிக் ரெஸ்யூம் என்கிற அதன் வசதி ஆர்பிஜிக்காகவே செய்த மாதிரி இருக்கிறது: மூன்று கேமை மாற்றி மாற்றித் திறக்கிறேன், ஒவ்வொன்றும் நான் விட்ட படிக்கட்டில், விட்ட வசனத்தில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலும் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து கிளவுட் சேவ்கள் இன்றைய சீரிஸ் எக்ஸில் இறங்குகின்றன. 2007-இன் மாஸ் எஃபெக்ட் அதில் ஓடுகிறது. நண்பன் அந்த மூன்று பாகத்தையும் 360-இல் ஆடியவன். அவனுடைய ரெக்ஸ் இன்னும் அங்கே உயிரோடு இருக்க வாய்ப்பு இருக்கிறது. மூன்று பாகத்தையும் மெருகேற்றி 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷன் பார்க்க அழகு, ஆனால் அந்தப் பழைய சேவ் அதில் ஏறாது. பழைய டிஸ்கையே போடச் சொல்வேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று இரவு பிஎஸ்5-இல் ஃபைனல் ஃபேன்டஸி செவன் ரிபர்த் என்ற ஆர்பிஜியை எடுத்தேன்.

சேவ் பற்றி நான் புலம்பியதற்கெல்லாம் நேர் எதிரான சீக்வெல் அது. 1997-இன் பழைய கேமைப் புதிதாகச் செய்து 2020-இல் வந்த ரீமேக்கின் கதை நின்ற இடத்திலிருந்து 2024-இல் தொடர்கிறது. ஆனால் முதல் பாகத்தின் லெவல் வராது, மட்டீரியா என்கிற மந்திரக் கற்கள் வராது. பழைய சேவ் இருந்தால் கிடைப்பது லெவியத்தான் என்ற கடல் பாம்பை உதவிக்கு அழைக்கிற ஒரு மட்டீரியா. இன்டர்மிஷன் என்ற அதன் கிளைக்கதையின் சேவும் இருந்தால் ராமுவை அழைக்கிற இன்னொன்று. அவ்வளவுதான். என் கொள்கைப்படி இதை நான் வெறுக்க வேண்டும்.

வெறுக்க முடியவில்லை. வழியில் ஒரு பியானோ வருகிறது. கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கும்தான் கட்டைகள். இடது ஸ்டிக் தாழ்ந்த சுரம், வலது ஸ்டிக் உயர்ந்த சுரம். எட்டுத் திசையில் எந்தத் திசைக்குத் தள்ளுகிறோமோ அந்தச் சுரம். கதையில் வரும் டீஃபா என்ற பெண்ணுக்கான இசையை எடுத்தேன். 1997-இல் மூன்று சிடியில் வந்த கேமில் கேட்ட அதே மெட்டு. முதல் தடவை பாதியும் தப்பு. கட்டைவிரலை மெதுவாகத் தள்ள வேண்டும், சட்டென்று விட வேண்டும் என்பது நாலாவது தடவைதான் பிடிபட்டது. சண்டையே போடாமல், ஒரு லெவல்கூட ஏறாமல், ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 31 மணி நேரம் தொலைந்த ஆத்திரம் அந்த ஒரு மணி நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மெட்டுக்கு நான் எந்த சேவ் ஃபைலையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமாக அது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: பிஎஸ்5 வாங்கு. மேலே எக்ஸ்பாக்ஸைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. போன வாரம் போனில் கேட்டபோது எக்ஸ்பாக்ஸ் என்றேன். அடுத்த மாதம் கேட்டால் மறுபடி அதையே சொன்னாலும் சொல்வேன். இன்றைக்கு பிஎஸ்5. கிளவுடை முதல் நாளே ஆன் செய். இணையம் இல்லாத நாளில் நீண்ட கேம் ஆடாதே, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. ரீமேக்கை முதலில் முடி, அந்த சேவ் ஃபைலை அழித்துவிடாதே, லெவியத்தான் வேண்டும். அந்தப் பியானோவுக்கு வந்ததும் எனக்கு போன் போடு, மெட்டு ஆரம்பிப்பதற்குள்.