அசையாமல் கிடந்தால் வலிக்காதா? ஏசிபியும் சைலசினும்

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஜேட் பேரரசர் பிறந்தநாளுக்காக பினாங்கு ஹொக்கியன் மக்கள் வெடிக்கும் பட்டாசு விடிய விடியக் கேட்கும். நான் ஜெலுத்தோங்கில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். மறுநாள் கதவைத் திறக்கும்போதே, மிரண்டு ஓடிக் காலைக் கிழித்துக்கொண்ட நாய்கள் வாசலில் காத்திருக்கும்.

அப்படி ஒரு கறுப்பு நாயைப் பாட்டி ஒருவர் தூக்கி வந்தார். மிரண்டு திமிறாமல் இருக்க ஊசி போட்டோம். இருபது நிமிடத்தில் தலை தொங்கிவிட்டது. "சும்மாதானே கிடக்குது, தைச்சிடுங்கய்யா" என்றார் பாட்டி. டாக்டர் இடுக்கியால் காயத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டார். நாய் அசையவில்லை. ஆனால் அதன் தொடையின் உட்புறம் நாடி பார்த்துக்கொண்டிருந்த என் விரலுக்கடியில் துடிப்பு படபடவென்று ஏறியது.

"இது திமிறாம இருக்கப் போட்ட ஊசி பாட்டி, வலிக்கு இனிமேல்தான்" என்றார் டாக்டர்.

அந்த ஊசி அசெப்ரோமசின். நாங்கள் சுருக்கமாக ஏசிபி என்போம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யாமல் தடுக்கும். நாய் அமைதியாகும், பின்னங்கால் தள்ளாடும், கண்ணின் மூன்றாம் இமை பாதி மூடும், ரத்த அழுத்தம் இறங்கும். வலியை மட்டும் அது தொடவே தொடாது. பட்டாசுக்கு இந்த மாத்திரையை மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சத்தம் காதில் விழும், பயமும் இருக்கும், ஓடி ஒளியக் கால்தான் வராது. அது கொடுமை.

சைலசின் வேறு வகை மயக்க மருந்து. 1962-இல் பாயர் நிறுவனத்தில் உருவானது. மெடடோமிடினும் டெக்ஸ்மெடடோமிடினும் இதே குடும்பம். மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் விழிப்போடு வைக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் குறைப்பதால் தூக்கம் வரும், தசை தளரும், வலியும் குறையும். அப்படியானால் எப்போதும் இதையே போடலாமே என்று தோன்றும். ஆனால் இதயத் துடிப்பு வெகுவாகக் குறையும், ஈறு வெளிறும், பூனை பெரும்பாலும் வாந்தி எடுக்கும். இதய நோய் உள்ள நாய்க்கு ஆபத்து. மாடு வளர்க்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: உடல் எடைக்கு எடை பார்த்தால், குதிரைக்குப் போடும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டைப் படுக்க வைத்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒரு சிக்கல் இருக்கிறது. சைலசின் தரும் மயக்கம் ஒன்றிரண்டு மணி நேரம் நீடிக்கும். வலி நிவாரணமோ கால் மணி, அரை மணியில் தீர்ந்துவிடும். மீதி நேரம் நாய் அசையாமல் வலியோடு கிடக்கலாம். ஆழ்ந்து தூங்குவது போலத் தெரிகிற நாய் தொட்டதும் திடீரென்று எழுந்து கடிப்பதும் உண்டு. அதனால்தான் பியூட்டார்பனால் போன்ற வலி மருந்தைச் சேர்த்தே போடுவார்கள்.

ஆய்வுக்கூடங்களிலும் இதே குழப்பம் இருந்தது. சூடான தட்டில் வைத்த எலி எவ்வளவு நேரத்தில் காலை நக்குகிறது என்று பார்த்து வலி மருந்தை எடைபோடும் சோதனை 1944-இல் வந்தது. தூக்க மருந்து கொடுத்த எலியும் தாமதமாகத்தான் நக்கும். வலி குறைந்ததா, கால்தான் வரவில்லையா? 1957-இல் டன்ஹம், மியா என்ற ஆய்வாளர்கள் சுழலும் உருளைச் சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். உருளையிலிருந்து எலி விழுந்துவிட்டால் அதன் உடலசைவே பாதிக்கப்பட்டிருக்கிறது, அப்போது தட்டில் காட்டிய பொறுமையை வலி நிவாரணம் என்று எழுதிவிட முடியாது. அன்று நாடியில் நாங்கள் தேடியதும் இதே பதிலைத்தான்.

மிடசோலம், டயசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் பற்றியும் கேட்கிறார்கள். அவையும் வலியைக் குறைக்காது. ஆரோக்கியமான நாய்க்குத் தனியாகப் போட்டால் சில நேரம் அது அடங்குவதற்குப் பதில் துள்ளும்.

ஆக, காயம் தைக்க என்றால் என் ஓட்டு சைலசின் குடும்பத்துக்கு, கூடவே ஒரு வலி மருந்து, காயத்தைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் லிக்னோகேன். இதயம் சரியாக இருந்தால் மட்டும். மயக்கத்தைக் கலைக்க அட்டிபமெசோல் இருப்பது இன்னொரு வசதி, ஆனால் அது வலி நிவாரணத்தையும் சேர்த்தே கலைத்துவிடும், அதற்கு முன்பே வேறு வலி ஊசி போட்டாக வேண்டும்.

ஏசிபிக்குக் கலைக்கும் மருந்து கிடையாது. அதனால் தையல் முடிந்த பிறகும் அந்தக் கறுப்பு நாய் சாயங்காலம் வரை எங்களிடமே இருந்தது. பாட்டி வீட்டுக்குப் போகவில்லை. அரை மணிக்கொரு தரம், "இப்ப வலிக்குதாய்யா?" என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.