கும்பகோணத்துல வண்டியும் டிரைவரும் வச்சு நவக்கிரக கோவில் சுத்துனது: காசு கணக்கோட ஒரு ரிவ்யூ

நவக்கிரக கோவில் ஒன்பதும் பாக்கணும்னு அப்பா ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாரு, அவருக்கு முட்டி வலி வேற, அம்மாவுக்கு பஸ்னாலே ஆகாது, கூட என் பையன், வீட்டுக்காரர்னு அஞ்சு பேர். அரசு போக்குவரத்து கழகமே கும்பகோணத்துலருந்து ஒரே நாள்ல ஒன்பது கோவிலும் காட்டுற ஸ்பெஷல் பஸ் விட்டாங்க, 2024ல ஆரம்பிச்சப்போ தலைக்கு 750 ரூபா. கால் கை நல்லா இருக்குறவங்களுக்கு அத விட சீப்பா எதுவும் கிடைக்காது, ஆனா நிறுத்துற இடத்துல இறங்கி அவங்க சொல்ற நேரத்துக்குள்ள ஏறிடணும், எங்க அப்பாவ வச்சுக்கிட்டு அது நடக்காது. அதனால தனி வண்டி, டிரைவரோட.

சென்னைலருந்தே வண்டி எடுத்துட்டு போயிடலாம்னு மாமா சொன்னாரு. நான் உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். எர்டிகா, கிலோமீட்டருக்கு 18 ரூபா, ஒரு நாளைக்கு மினிமம் 250 கிமீ, டிரைவர் பேட்டா, அதாவது அவரோட தினப்படி, 500, டோல் தனி, பார்க்கிங் தனி. சுத்துற ரெண்டு நாளோட போக ஒரு நாள் வர ஒரு நாள் சேத்தா 1000 கிமீ கணக்கு வந்துடுது, இருபதாயிரத்த தாண்டுது. இதுல டெல்டால சுத்துற நாள்ல வண்டி 250 ஓடவே ஓடாது. கும்பகோணத்துலருந்து திருநாகேஸ்வரம் ஒரு ஆறு கிமீ, ஆலங்குடி பதினேழு, இதுக்கெல்லாம் 250 கிமீ காசு எதுக்கு குடுக்கணும்? அதான் ரயில்ல கும்பகோணம் போயி அங்க இருக்குற ஒரு டிராவல்ஸ்ல வண்டி பேசுனேன். பேர் போடல, ஏன்னா நல்லதும் சொல்லப்போறேன், திட்டவும் போறேன்.

இந்த வாடகை வண்டி விஷயத்துல ரெண்டு விதமா பில் போடுவாங்க, போன்ல பேசும்போதே எது வேணும்னு நாமதான் கேக்கணும், அவங்களா சொல்ல மாட்டாங்க. ஒண்ணு லோக்கல் பேக்கேஜ், அதாவது 10 மணி நேரம் 100 கிமீ, எங்களுக்கு 3,300 சொன்னாங்க, மேல ஓடுற கிமீக்கு 18, மேல ஆகுற மணிக்கு 250, பேட்டா கிடையாது. இன்னொண்ணு அவுட்ஸ்டேஷன், 250 கிமீ மினிமம், பேட்டா 500, ஆக மொத்தம் 5,000, இதுல மணி கணக்கு கிடையாது, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல ஆச்சுன்னா பேட்டா டபுள். வெளியூர் போனா அவுட்ஸ்டேஷன், உள்ளூர்னா லோக்கல்னு பொதுவா நினைக்கிறோம். ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வண்டி எவ்ளோ தூரம் ஓடுது, எவ்ளோ நேரம் சும்மா நிக்குதுன்னு பாக்கணும்.

எங்களுக்கு எப்படி ஆச்சுன்னா, மொத நாள் ஞாயித்துக்கிழமை. காலைல ஆறரைக்கு கிளம்பி திங்களூர், அப்புறம் ஆலங்குடி, அப்புறம் சூரியனார் கோவில், பக்கத்துலயே கஞ்சனூர், மத்தியானம் ரூமுக்கு வந்து சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் திருநாகேஸ்வரம். வண்டி 140 கிமீ ஓடிச்சு, 11 மணி நேரம். லோக்கல் பேக்கேஜ்ல 4,270 ஆச்சு, அவுட்ஸ்டேஷன்னா 5,000. மறுநாள் வைத்தீஸ்வரன் கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், தரங்கம்பாடி, திருநள்ளாறு, 170 கிமீதான், ஆனா 14 மணி நேரம் ஆயிடுச்சு, அத லோக்கல்ல போட்டா 5,560 வரும். அதனால முன்னாடியே, அண்ணே நாளைக்கு அவுட்ஸ்டேஷனா போட்டுக்குங்கன்னு ஓனர்ட்ட சொல்லிட்டேன், 5,000தோட முடிஞ்சுது. ஓனர் ஒரு செகண்டு தயங்கிட்டு சரிங்க மேடம்னாரு. ஒரே வண்டி ஒரே டிரைவர், ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு விதமா பில் போட சொல்லலாம், யாரும் அடிக்க வர மாட்டாங்க.

இப்போ டிரைவர் அண்ணன் பத்தி. அம்பது வயசு இருக்கும், பேச்சு கம்மி, போன் வந்தா ஓரமா நிறுத்திட்டுதான் எடுப்பாரு. இவருக்காகத்தான் அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், வண்டிக்காக இல்ல. நான் கையில ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருந்தேன், மேப்ல பக்கம் பக்கமா இருக்குறத வரிசையா போட்டு. அவர் அத வாங்கி பாத்துட்டு, "மேடம், இது தூரத்துக்கு சரி, நேரத்துக்கு சரியா வராது"ன்னாரு. கோவில் எல்லாம் பன்னெண்டு பன்னெண்டரைக்கு சாத்திடுவாங்க, மறுபடி நாலு மணிக்குத்தான் நடை தெறக்கும், அந்த நடுவுல எங்க இருக்கோம்ங்கிறத வச்சுதான் பிளானே போடணும்னு சொன்னாரு. அது மட்டுமில்ல, கிழமையும் பாக்கணும். வியாழக்கிழமை ஆலங்குடில குருவுக்கு கூட்டம், சனிக்கிழமை திருநள்ளாறு பக்கம் தலையே வைக்க கூடாது, நளதீர்த்தத்துல குளிக்கவே ஒரு பெரிய கூட்டம் நிக்கும். திருநாகேஸ்வரத்துல ராகு காலத்துல பாலாபிஷேகம் விசேஷம், ஊத்துற பால் நீலமா மாறும்னு சொல்லுவாங்க, ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைலருந்து ஆறு, கோவில் தெறந்த உடனே போனா சரியா இருக்கும்னு அத சாயங்காலத்துக்கு தள்ளினாரு. அந்த ஒரு மாத்தத்துல எங்களுக்கு மத்தியானம் படுக்க நேரம் கிடைச்சுது, அப்பா அதுக்கே அவர கும்பிட்டாரு.

ரெண்டாம் நாள்தான் இன்னும் நல்லா இருந்துச்சு. காலைல வைத்தீஸ்வரன் கோவில், அப்புறம் திருவெண்காடு. அங்க சூரியன், சந்திரன், அக்னின்னு மூணு தீர்த்தம் இருக்கு, அப்பா மூணுலயும் தண்ணி தலைல தெளிச்சுக்கணும்னு ஒவ்வொரு படியா இறங்கி ஏறினாரு, பிளான்ல முக்கா மணி நேரம் போட்டிருந்தது ஒன்றரை மணி நேரமா ஆயிடுச்சு. நான் டென்ஷன்ல வெளில ஓடி வந்து லேட்டாயிடுச்சுண்ணேன்னு சொல்றேன், அவர் வண்டி டிக்கில சாஞ்சு நின்னுக்கிட்டு, "அய்யா பொறுமையா வரட்டும், கீழப்பெரும்பள்ளம் பக்கம்தான், நடை சாத்துறதுக்குள்ள போயிடலாம், ரோட்டுல நெல்லு காயுறதாலதான் கொஞ்சம் பாத்து போணும்"னாரு. நிஜமாவே அறுவடை நேரம், ரோட்டுல பாதிய நெல்லு புடிச்சிருந்துச்சு, ஓரத்துல கல்லு வச்சு மறிச்சிருந்தாங்க. வேற டிரைவரா இருந்தா அது மேலயே ஏத்தி ஓட்டியிருப்பாங்க, இவர் எதுத்தாப்ல வண்டி வந்தா நின்னு வழி விட்டு நெல்லு மேல டயர் படாம கொண்டு போனாரு. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கேது சன்னதில நிக்குறோம்.

அங்கருந்து நாலு மணி வரைக்கும் என்ன பண்றது? அவரே சொன்னாரு, தரங்கம்பாடி போலாம், கோட்டைக்கு நடை சாத்துற வேலை இல்லன்னு. 1620ல டேனிஷ்காரங்க கட்டுனது, 1845ல பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டு போயிட்டாங்க, கடலுக்கு நேரா நிக்குது, பையனுக்கு மொத்த ட்ரிப்லயும் புடிச்ச இடம் அதான். நவக்கிரக பேக்கேஜ்ல இந்த இடம்லாம் வராது. அங்க சாப்பிட்டு காத்து வாங்கிட்டு காரைக்கால் வழியா திருநள்ளாறு போனா நடை தெறக்குற நேரம். தனி வண்டி எடுக்குறதுல எனக்கு இதான் பெரிய லாபமா தெரிஞ்சுது, சும்மா கெடக்குற மூணரை மணி நேரத்த உருப்படியா ஆக்கிக்கலாம்.

ஒரு விஷயம், அவர் டிரைவர்தான், கைடு இல்ல. அடுத்த நாள் ரயில் ஏறுறதுக்கு முன்னாடி அரை நாள் பேக்கேஜ் பேசி கங்கைகொண்ட சோழபுரம் போனோம், கொள்ளிடத்துல அந்த அணைக்கரை வழியா, பழைய குறுகல் பாலம், எதுத்தாப்ல வண்டி வந்தா மூச்ச புடிச்சுக்கணும். போற வழில தஞ்சாவூர் கோபுர நிழல் தரைல விழாதுன்னு எங்க பையனுக்கு கதை சொல்லிட்டு வந்தாரு. விழும். நானே பாத்திருக்கேன், போட்டோ இருக்கு. மனுஷன் ஆசையா சொல்றப்போ மறுத்து பேச மனசு வரல, பையன்ட்ட அப்புறமா தனியா சொல்லிக்கிட்டேன். வரலாறு வேணும்னா படிச்சிட்டு போங்க, நேரமும் ரோடும் மட்டும் டிரைவர நம்புங்க.

சரி, திட்டு பக்கத்துக்கு வரேன்.

புக் பண்ணது எர்டிகா, புது மாடல்னு போட்டோ அனுப்புனாங்க. காலைல வந்து நின்னது எர்டிகாதான், ஆனா அந்த போட்டோல இருந்தது இல்ல, மூணாவது ரோ ஏசி காத்து பேருக்குதான் வந்துச்சு. கேட்டா அந்த வண்டி சர்வீசுக்கு போயிருக்குங்கிறாங்க. எல்லா டிராவல்ஸ்லயும் அந்த ஒரு வண்டி மட்டும் எப்பவும் சர்வீஸ்லதான் இருக்கும் போல. இதுக்குதான் ஒரு ஸ்டார் கட்.

அப்புறம் ஏசி. வண்டி ஓடும்போது போடுவாங்க, நின்னா ஆஃப். ஓனர் ஆர்டராம். டீசல் காசுன்னு புரியுது, ஆனா வயசானவங்க கோவில் சுத்திட்டு வேர்த்து வந்து ஏறும்போது உள்ள அடுப்பு மாதிரி இருக்கு. நான் ரெண்டாவது கோவில்லயே வெளில வந்துக்கிட்டு இருக்கும்போது போன் பண்ணி, அண்ணே கிளம்பிட்டோம்னு சொல்ல ஆரம்பிச்சேன், அவர் அஞ்சு நிமிஷம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வச்சுடுவாரு. இத ஓனர்ட்ட கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, டிரைவர்ட்ட கேட்டா நடக்கும்.

பில்லுல காரைக்கால் பர்மிட்னு ஒரு லைன் சேத்து 300 போட்டிருந்தாங்க. காரைக்கால், திருநள்ளாறு எல்லாம் புதுச்சேரி எல்லைங்கிறதால பர்மிட் பேச்சு வரும்னு தெரியும், அதுக்குதான் புக் பண்ணும்போதே திருநள்ளாறு பேரை சொல்லி எல்லாம் சேத்து எவ்ளோன்னு கேட்டு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கியிருந்தேன். அந்த மெசேஜ திருப்பி அனுப்புனேன், கட்டுன ரசீது இருந்தா அனுப்புங்கன்னும் கேட்டேன், பேசாம எடுத்துட்டாங்க.

கிமீ எப்படி எண்ணுவாங்கன்னும் கேட்டுக்குங்க. சில பேர் ஷெட்டு டு ஷெட்டு, அதாவது அவங்க இடத்துலருந்து நம்ம லாட்ஜுக்கு வர்ற தூரமும் நம்ம தலைலதான். உள்ளூர்னா ரெண்டு மூணு கிமீ, பரவால்ல விடலாம், சென்னை மாதிரி ஊர்ல முப்பது நாப்பது ஏறும். ஏறின உடனே மீட்டர போட்டோ எடுத்துட்டேன், ராத்திரி இறங்கும்போதும் எடுத்தேன், டிரைவர் அண்ணன் சிரிச்சுக்கிட்டே அவரே ட்ரிப் ஷீட்ட காட்டி நம்பர் சரியான்னு கேட்டாரு, ஒரு கிமீ கூட வித்தியாசம் இல்ல.

கமிஷன் கடை தொல்லை இவர்ட்ட சுத்தமா இல்ல. வைத்தீஸ்வரன் கோவில் பக்கம் நாடி ஜோசியம் போர்டு வழி நெடுக இருக்கு, வண்டி நின்ன உடனே ஜன்னல்கிட்ட ஆள் வந்து நிப்பாங்க, இவர் கண்ணாடிய ஏத்திட்டு போயிட்டே இருந்தாரு. போன தடவ எங்க சித்தி குடும்பம் வேற யாரோட வண்டிலயோ வந்தப்போ, கேக்காமலே திருபுவனம் பட்டுக்கடை, சுவாமிமலை சிலைக்கடைன்னு இறக்கி விட்டு, ரெண்டு மணி நேரம் போயி சாயங்கால கோவில் ஒண்ணு போச்சு. அந்த ஊருங்கள்ல வாங்க வேண்டிய பொருள் இல்லன்னு சொல்லல, சுவாமிமலைல மெழுகுல உரு செஞ்சு வார்க்குறத நேர்ல பாக்குறதே தனி அனுபவம், நீங்களா கேட்டு போங்க, டிரைவரா வண்டிய திருப்பினா வேணாம்னு சொல்லிடுங்க.

ஓன் போர்டு வண்டி ரெண்டாயிரத்துக்கே தரேன்னு லாட்ஜ் வாசல்ல ஒருத்தர் வந்தாரு. வெள்ள நம்பர் பிளேட் வண்டிய வாடகைக்கு ஓட்ட கூடாது, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சுடுவாங்க, குடும்பத்தோட போறவங்க மஞ்ச போர்டு வண்டிலயே போங்க.

டிரைவர் சாப்பாடு பேட்டால அடக்கம்னு சொல்லுவாங்க, லோக்கல் பேக்கேஜ்ல பேட்டாவே கிடையாதுல்ல, அன்னைக்கு நாமதான் பாத்துக்கணும். கூட உக்காருங்கன்னு கூப்பிட்டா இவர் வரல, தனியா சாப்பிட்டுக்கிறேன்னு போயிட்டாரு, கைல காசா குடுத்துட்டேன். கடைசி நாள் ஸ்டேஷன்ல பெட்டி எல்லாம் இறக்கி பிளாட்ஃபாரம் வரைக்கும் அப்பா கைய புடிச்சு கூட்டிட்டு வந்தாரு, 500 தனியா குடுத்தோம். அடுத்த தடவ டிராவல்ஸ் வேணாம் மேடம், நேரா எனக்கே அடிங்கன்னு நம்பர் குடுத்தாரு. ஓனர் கமிஷன் போகாம இருந்தா எனக்கும் கொஞ்சம் கம்மியாகும், ஆனா அவர்ட்ட சொந்த வண்டி இல்ல, வேற யார் வண்டியவாவது எடுத்துட்டு வந்தா அது மஞ்ச போர்டா இல்லையான்னு நான் எங்க போய் பாக்குறது. அதனால டிராவல்ஸ்லயே புக் பண்ணி இவர்தான் வேணும்னு பேர் சொல்லி கேக்கலாம்னு இருக்கேன், அப்படியே முந்தின நாள் ராத்திரியே வர்ற வண்டியோட நம்பர் பிளேட் போட்டோவும் வாங்கிடணும்.