மாடித் தொட்டிச் சுடுதண்ணீருக்கு எந்த மருந்து: பிளீச்சிங் பவுடர், டைகுளோர், ஹைப்போ, புரோமின்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆயிரம் லிட்டர் ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அம்மாவின் மூட்டுவலிக்காக துபாயில் இருந்து வந்த அண்ணன் வாங்கிப் போட்டது. "குற்றாலத்துல அத்தன பேரு குளிக்காங்க, அங்க என்ன மருந்தா போடுதாங்க?" என்று அம்மா கேட்டாள். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் ஓடிப் போய்விடும். இங்கே அதே தண்ணீர் 38 டிகிரிச் சூட்டில் வாரக்கணக்கில் நிற்கிறது, நாலு பேர் வேர்வையோடு. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கும், தோலில் சிவப்புக் கொப்புளம் கிளப்பும் சூடோமோனாசுக்கும் அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும். அதனால் மருந்து போட்டே ஆக வேண்டும். எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

நம்மூரில் முதலில் கை போவது பிளீச்சிங் பவுடருக்கு. கிணற்றுக்கும் அதுதான், சம்புக்கும் அதுதான். நானும் இரண்டு மாதம் அதைத்தான் போட்டேன், செய்திருக்கக் கூடாது. அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. எங்கள் போர் தண்ணீரோ ஏற்கெனவே உப்புத்தண்ணீர், பாத்திரத்தில் கொதிக்க வைத்தாலே வெள்ளையாகப் படியும். ஹீட்டரைக் கழற்றியபோது காயில் முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவின் விளிம்பு மாதிரி காய்ந்து ஏறியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. கிணற்றுக்கு அது நல்ல மருந்துதான். சூடாக்குகிற தண்ணீருக்கு வேண்டாம்.

அடுத்தது டைகுளோர் பொடி. சட்டென்று கரையும், சுண்ணாம்பு கிடையாது, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சையும் பெரிதாக ஆட்டாது. ஆயிரம் லிட்டருக்கு ஐந்தரை கிராம் போட்டால் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் வந்துவிடும், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாட் டப்புக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஆனால் போடும்போதெல்லாம் சயனூரிக் அமிலம் கூடவே சேர்கிறது, குளோரின் தீர்ந்தாலும் அது தண்ணீரிலேயே தங்கிவிடும். தினமும் 3 பிபிஎம் போட்டால் பதினொரு பன்னிரண்டு நாளில் அது 30 பிபிஎம் ஆகிவிடும். அந்த அளவு இருந்தால் நம் வெயிலில் குளோரின் பறந்து போகாமல் காக்கும், அதற்கு மேல் ஏற ஏற குளோரினின் வேகத்தையே மந்தமாக்கிவிடும். தண்ணீரில் முக்கிப் பார்க்கும் சோதனைப் பட்டையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், கிருமி சாவதோ மெதுவாகத்தான்.

அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி இது: புதுத் தண்ணீர் விட்டதும் முதல் பத்து நாள் டைகுளோர், அப்புறம் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். பத்து சதவீத ஹைப்போ 30 மில்லி விட்டால் அதே 3 பிபிஎம். சயனூரிக் அமிலம் இதற்கு மேல் ஏறாது, விலையும் குறைவு, டவுனில் கிடைக்கும். குறை என்னவென்றால் கத்திரி வெயிலில் கேன் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே வீரியம் இறங்கிவிடும். ஐந்து லிட்டருக்கு மேல் வாங்காமல் நிழலில் வையுங்கள், பட்டையைப் பார்த்து அளவைக் கூட்டுங்கள்.

குளோரினுக்குப் பதிலாகப் போடும் இன்னொரு கிருமிநாசினியான புரோமினை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். காற்றைக் கலந்து பீய்ச்சும் ஜெட்டால் பிஎச் தானாக ஏறும், நம் போர் தண்ணீரில் இன்னும் வேகமாக. பிஎச் 8 ஆனால் குளோரினில் வேலை செய்யும் பங்கு கால்வாசிக்கு வந்துவிடும், புரோமினில் முக்கால்வாசிக்கு மேல் நிற்கும். வாடையும் குறைவு. குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் மருந்து கூடிப்போச்சு என்று நினைக்காதீர்கள், வேர்வையோடு சேர்ந்து செலவான குளோரினின் வாடை அது, பெரும்பாலும் மருந்து போதவில்லை என்று அர்த்தம். ஆனால் புரோமினை வெயிலில் இருந்து காக்க சயனூரிக் அமிலத்தால் முடியாது, நம் மாடிக்கு அது பெரிய இடி. விலையும் அதிகம். ஒருமுறை புரோமைடு (புரோமின் வேலை செய்து தீர்ந்ததும் தண்ணீரில் தங்கும் உப்பு) இறங்கிவிட்டால், பிறகு குளோரின் ஊற்றினாலும் அது புரோமினாகத்தான் மாறும், திரும்ப குளோரினுக்கு வர முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டும். வீட்டுக்குள் தொட்டி இருந்தால், 4 முதல் 8 பிபிஎம் வைத்து தாராளமாக புரோமின் போடலாம்.

ஓசோன் வாயு, யூவி எனும் புற ஊதா ஒளி இரண்டும் துணைக்கு நல்லவை, தனியாகப் போதாது, தண்ணீரில் தங்காதவை. ஓசோன் புரோமினோடு நன்றாக ஒத்துப்போகும், செலவான புரோமைடை மறுபடி புரோமினாக்கித் தரும். வெள்ளி கலந்த மினரல் கட்டையை மட்டும் நம்பி இறங்காதீர்கள், ரொம்ப மெதுவான மருந்து.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீச்சல் குளத்து ட்ரைகுளோர் வில்லையையோ டைகுளோரையோ பிளீச்சிங் பவுடர் ஒட்டிய கரண்டியால் அள்ளாதீர்கள், தீப்பிடிக்கும். ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே வாளியில் சேரவே கூடாது, விஷப்புகை வரும். மருந்து விட்டதும் மூடியைத் திறந்து வைத்து கால் மணி நேரம் ஜெட்டை ஓட விடுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம், அன்றைய குளோரின் அத்தனையையும் எண்ணெய் தின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் தண்ணீரை மாற்றுகிறேன். நாலைந்து நாள் மருந்தில்லாமல் திறந்து போட்டு, பட்டையில் குளோரின் பூஜ்யம் என்று பார்த்த பிறகு, குழாய் போட்டு கீழே தென்னைக்கு விட்டுவிடுவேன்.