வளைகுடா கோல்ஃப் மைதானங்களுக்குக் கீழக்கரையில் போட்ட ரேங்க்

கீழக்கரையில் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்து ஆடியவர் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் கோல்ஃப் மைதானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் விடிய விடியப் பேசக்கூடியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். புல் வெட்டியவர், தண்ணீர்க் குழாய் பதித்தவர், கிளப் சமையல்கட்டில் நின்றவர், ஆட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடும் பக்கி வண்டிகளைக் கழுவி ராத்திரி சார்ஜில் போட்டவர். எல்லாரும் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், இல்லையென்றால் லீவு முடிந்து திரும்பிப் போகப் போகிறவர்கள். காசு கட்டி ஆட வருகிறவர் ஒரு மைதானத்தை நாலு மணி நேரம் பார்க்கிறார். நாங்கள் அதை எல்லா மாதத்திலும் பார்த்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் இந்த ரேங்க்.

தகராறு எதில் என்றால், வளைகுடாவிலேயே முதல் இடம் எதற்கு என்பதில். என் மச்சான் தோஹாவில் இருந்தவர். தோஹா கோல்ஃப் கிளப்பைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மாட்டுத் தொழுவம். எதிர்வீட்டுக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் பெயர்) அபுதாபி; அங்கேயிருக்கும் சாதியாத் மைதானம் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் புல் வெட்டிய மைதானம் எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் நடுவர் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பத்திரிகைகள் போடும் ரேங்க்கில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆடத் தெரிந்தவர்களை நடுவர்களாக வைத்து, அமைப்பு எப்படி, சவால் எப்படி, அழகு எப்படி, பராமரிப்பு எப்படி என்று மார்க் போடச் சொல்கிறார்கள். சரி. ஆனால் வளைகுடாவில் கோல்ஃப் சீசன் என்பதே நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அந்த மாதங்களில் எந்த மைதானமும் மணப்பெண் கோலத்தில்தான் இருக்கும். பல இடங்களில் தரையில் இருப்பது பெர்முடா புல். குளிர் வந்தால் அது சோர்ந்து பழுப்படிக்கும். அதனால் அக்டோபர் வாக்கில் அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவி விடுவோம். டிவியில் பார்க்கிற பச்சைப்பசேல் பெரும்பாலும் அந்த ரை தான். மே மாதம் வெயில் ஏறியதும் ரை செத்துப்போகும். அடியில் இருக்கும் பெர்முடா முழுசாக எழுந்து வருவதற்குள் தரை திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யக்கூடாது என்று அமீரகத்தில் சட்டம். ஆக, எல்லா வேலையும் விடியற்காலைக்குத் தள்ளிப்போகும். பராமரிப்புக்கு மார்க் போட வருகிறவர் அந்த ஜூன் மாதம் வந்து பார்க்கட்டும்.

பராமரிப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஒரே ஒரு வேலையைச் சொல்கிறேன். பஜ்ர் தொழுகைக்கு முன்னாலேயே கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் இறங்கி, பனி ஈரத்தைத் துடைத்துவிட்டு, நேற்றைய குழியிலிருந்து தள்ளிப் புதுக்குழி போட வேண்டும். குழி வெட்டும் கருவியைத் திருகித் திருகி இறக்கினால் 108 மில்லிமீட்டர் அகலத்துக்கு மண்ணும் வேரும் புல்லுமாக ஒரு உருளை முழுசாக வெளியே வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கி, விளிம்பைக் கத்தியால் லேசாக நெம்பிச் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். துளி மேடாக நின்றாலும் பின்னால் வரும் மெஷின் அந்த வட்டத்தை மழித்துவிடும். மெஷின் வெட்டும் உயரமே சுமார் மூன்று மில்லிமீட்டர். பள்ளமாக விட்டால் பந்து அங்கே தத்தும், சூப்பர்வைசர் நம்மிடம் தத்துவார்.

என் ரேங்க்கின் அளவுகோல் வேறு. ஒரு மைதானம் தான் இருக்கிற மண்ணின் மைதானமாக இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தில் பழைய மைதானங்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடந்த, லிங்க்ஸ் என்று அவர்கள் சொல்லும் மணல்மேட்டில் வந்தவை. உழவுக்கு உதவாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும், காற்று அடிக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றைக்கும் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் உள்ளே காலாற நடந்து போகலாம். அங்கே மணலைப் பிடித்து வைப்பது மேராம் என்ற முரட்டுப்புல். நம் பக்கம் தனுஷ்கோடி மணல்மேட்டில் அதே வேலையைச் செய்வது இராவணன் மீசை. காலில் குத்தினால் தெரியும், ஏன் அந்தப் பெயர் என்று. அது இருக்கும் வரைக்கும் மேடு நிற்கும். பிடுங்கிவிட்டால் கச்சான் காற்று மேட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மணல்மேட்டில் எது தானாக வந்தது, எது லாரியில் வந்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அதனால்தான் யாஸ் லிங்க்ஸ் விஷயத்தில் எனக்கும் உலகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 2010இல் அபுதாபியின் யாஸ் தீவில் கைல் பிலிப்ஸ் அமைத்தது. உலகின் சிறந்த நூறு மைதானங்களுக்கான பட்டியல்களில் வளைகுடாவிலிருந்து முதலில் நிற்கும் பெயர் இதுதான். 2022லிருந்து அபுதாபி சாம்பியன்ஷிப்பும் இங்கேதான் நடக்கிறது. கைல் பிலிப்ஸ் ஸ்காட்லாந்தில் கிங்ஸ்பார்ன்ஸில் வெறும் விவசாய நிலத்தை, காலங்காலமாகக் கிடந்த மணல்மேடு என்று நம்பும்படி மாற்றிக் காட்டியவர். இங்கேயும் அதையே செய்திருக்கிறார். கடலடியிலிருந்து மணலைத் தோண்டிக் கொட்டி மேடாக்கி, அலையாத்திச் செடிகளை நட்டு, நடுவில் புல் பாதையை ஓடவிட்டிருக்கிறார். வேலைப்பாடு அபாரம், மறுக்கவே மாட்டேன். கடல்காற்று குறுக்கே அடிக்கும்போது பந்தை உயரத் தூக்கினால் அது எங்கேயோ போய் விழும். தரையோடு உருட்டி அனுப்பத் தெரிந்தவன்தான் தப்பிப்பான். ஆட்டம் என்று மட்டும் பார்த்தால் இதுதான் முதல் என்று காக்காவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது அரபு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்து வேஷம் போடுகிறது. அந்த வேஷத்தைப் பார்க்கத்தான் நடுவர்கள் மயங்குகிறார்கள் என்பது என் கட்சி.

எதிரில் துபாய் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானத்தை வையுங்கள். கார்ல் லிட்டன் என்ற அமெரிக்கர் அமைத்து 1988இல் திறந்தது. மத்தியக் கிழக்கில் முழுக்கப் புல் போட்ட முதல் மைதானம். அதுவரை துபாயில் கோல்ஃப் ஆடியவர்கள் மணலில்தான் ஆடினார்கள். அடுத்த வருஷமே டெசர்ட் கிளாசிக் போட்டி தொடங்கியது. 1999லும் 2000த்திலும் மட்டும் கிரீக் மைதானத்துக்குப் போய்வந்தது, மற்றபடி இங்கேயே. டைகர் வுட்ஸ் 2006, 2008 என்று இரண்டு தடவை ஜெயித்தார். ரோரி மக்கில்ராய் தொழில்முறை ஆட்டக்காரராக முதல் கோப்பையை 2009இல் தூக்கியதும் இங்கேதான். கிளப் கட்டடம் பதூயின் கூடாரம் மாதிரி. எட்டாவது, ஒன்பதாவது குழிகளுக்கு நடுவில் ஷேக்கின் மஜ்லிஸ், அதாவது வந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் வீடு. இதெல்லாம் கூட எனக்குப் பெரிசில்லை. புல் பாதை முடிகிற இடத்தில் மணலும் புதர்ச்செடியும் அப்படியே விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் என் ஓட்டு. அடி தப்பினால் பந்து பாலைவனத்தில் கிடக்கும். எட்டாவது குழியில் வலது பக்கம் மணல், எதிரே ஷேக் சாயித் சாலையின் உயரக் கட்டடங்கள். அந்த நாட்டின் முப்பது, நாற்பது வருஷக் கதை முழுக்க முதல் அடி அடிக்கும் அந்த ஒரு டீ மேடையில் நின்றால் தெரியும். முதல் இடம் மஜ்லிஸுக்கு.

“அப்ப கடலு? நீயெல்லாம் கடற்கரைக்காரன்தானா தம்பி?” என்றார் காக்கா.

கேள்வி நியாயம்தான். சாதியாத் பீச்சும் அதே 2010இல் வந்ததுதான், கேரி பிளேயர் அமைத்தது. இங்கே கடற்கரை நிஜக் கடற்கரை. அந்த மணலில் அழுங்காமை ஏறி வந்து முட்டையிடுகிறது. மைதானத்துக்குள் மான்கூட்டம் பயமில்லாமல் திரிகிறது; பந்து அடிக்க நிற்கிறவர் மான் நகரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கிய அழுங்காமையைப் பார்த்தவர்களுக்கு, அது கரையேற ஒரு இடம் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. காக்கா சொல்கிற கணக்கில் இது முதல். என் கணக்கில் இரண்டாவது, அதுவும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில். யாஸ் லிங்க்ஸ் மூன்றாவது. காக்கா பாதி சமாதானமாகி டீக்குக் காசு கொடுத்தார்.

மச்சான்தான் மசியவில்லை. தோஹா கோல்ஃப் கிளப் பீட்டர் ஹராடைன் அமைத்தது. 1998லிருந்து கத்தார் மாஸ்டர்ஸ் போட்டி பல வருஷம் அங்கே நடந்திருக்கிறது. கத்தார் தரை மணலை விடப் பாறைதான். அந்தச் சுண்ணாம்புப் பாறைகளை அப்படியே புல் பாதையின் ஓரங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். பந்து பாறையில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மண்ணின் மைதானம் என்ற என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு எது என்று மச்சான் மடக்கினார். மடக்கியது சரிதான். ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து கொண்டுவந்து நட்ட ராட்சதக் கள்ளிகளை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கள்ளிக்குக் கூடவா வெளிநாடு போக வேண்டும்? அரபு நாட்டுக்கே சொந்தமான காஃப் மரம் இருக்கிறதே. நம் ஊர் வன்னி மரமும் அதுவும் ஒரே இனம். அமீரகத்தின் தேசிய மரம் அது. தோஹா நான்காவது.

துபாய் கிரீக் கிளப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1993இல் திறந்தது, பாய்மரம் விரித்த மாதிரி கிளப் கட்டடம். 20 திர்ஹம் நோட்டில் இருப்பதால் ஊருக்குப் பணம் அனுப்பிய எல்லாருக்கும் அது முகம் தெரிந்த கட்டடம். கட்டடத்துக்கு ரேங்க் போட்டால் அதற்குக் கொடுப்பேன். பருந்து உருவத்தில் கட்டடம் எழுப்பிய அபுதாபி கோல்ஃப் கிளப்புக்கும் இதே தீர்ப்பு.

பட்டியலில் யாருமே சேர்க்காத ஒரு வகை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. மணல் மைதானம். பஹ்ரைனில் அவாலி எண்ணெய்க் குடியிருப்பில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஆடிய மைதானம் அப்படிப்பட்டதுதான். பச்சையே கிடையாது. குழி இருக்கும் இடத்தில் மணலோடு எண்ணெயைக் கலந்து இறுக்கி மழுமழுவென்று வைத்திருப்பார்கள்; அதற்குப் பெயரே பிரவுன். ஆடுகிறவர் கையோடு ஒரு துண்டு செயற்கைப் புல் விரிப்பைக் கொண்டுபோவார். பந்து நல்ல பாதையில் விழுந்திருந்தால் விரிப்பைப் போட்டு, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கலாம். பிரவுனில் ஆடி முடித்ததும் அடுத்தவருக்காகக் காலடித் தடத்தை இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போக வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. மண்ணின் மைதானம் என்று பிடிவாதமாகப் பேசினால் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும், எனக்குத் தெரியும். வைக்கவில்லை. ஏனென்றால் புல்லில் பந்து உருளும் சுகம் அதில் இல்லை. புல் வெட்டிப் பிழைத்தவன் அதைவிட்டுக் கொடுக்க முடியாது.

நடுவில் யாரோ கொடைக்கானலை இழுத்தார்கள். 1895இல் தொடங்கிய கிளப், காட்டெருமை உள்ளே வந்து மேயும், மழை பெய்து புல் தானாக வளரும். அதை வளைகுடாவோடு சேர்த்து வைத்தால் வளைகுடாவுக்கு நியாயமில்லை. தனி மேட்ச்.

அப்புறம் பேச்சு வழக்கம்போல ஊருக்கு வந்தது. அரியமான் பக்கம் மணலும் சவுக்கும் கடலும் இருக்கிறதே, அங்கே ஒன்று போட்டால் என்ன என்றார் மச்சான். கடலோர மைதானங்களில் பஸ்பாலம் என்று ஒரு புல் போடுகிறார்கள், உப்பைத் தாங்கும். களை முளைத்தால் அதன் மேல் உப்பையே தூவுவோம். களை கருகும், பஸ்பாலம் சும்மா நிற்கும். “அந்தப் புல்லுக்குக் கடல்தண்ணியவே விட்டுரலாமே மச்சான்” என்றார். விடலாம், கொஞ்ச நாளைக்கு. பிறகு உப்பு வேரடியில் சேர்ந்துகொண்டே போகும். அதைக் கழுவி இறக்க நல்ல தண்ணீரைத்தான் பாய்ச்ச வேண்டும். வெயில் காலத்தில் ஒரு 18 குழி மைதானம் ஒரே நாளில் பல லட்சம் லிட்டர் குடிக்கும். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கியோ, ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்தோ கொடுக்கிறார்கள். நமக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்றைக்குக் குடத்தோடு நிற்கிற தெருவில் போய் இதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். போதாததற்கு மணல்மேடு என்றாலே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகுப்புப் பாதுகாப்பு. தெற்குக் கரைப் பக்கம் போகலாம் என்றால் அங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986லிருந்து தேசியப் பூங்கா. மேட்டைத் தொடவே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

“அப்ப பிரவுனு போடுவோம், எண்ணெய் வேணாம், வெறும் மணலு” என்றார் காக்கா. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மச்சான் மட்டும் இன்னும் தோஹாவை மூன்றாவது இடத்துக்கு ஏற்றச் சொல்லிப் போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கள்ளியைப் பிடுங்கிவிட்டுப் போட்டோ அனுப்பினால் யோசிக்கலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.