சிவப்பு அட்டையோடு ஆறு வருடம்: நாராயண்கஞ்ச் அனுபவம்

நான் திருப்பூரில் ஒரு பையிங் ஆபீசில் (வெளிநாட்டு பையருக்காக, அதாவது உடுப்பு வாங்குகிறவருக்காக, ஆர்டரைத் தைத்து வாங்கித் தரும் ஆபீஸ்) தரக் கட்டுப்பாடு பார்க்கிறவன். 2018-ல் எங்கள் பையர் சாதா டி-ஷர்ட் ஆர்டர்களில் ஒரு பங்கை வங்கதேசத்துக்கு மாற்றினார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற துணிக்கு அப்போது வரி கிடையாது, நம் ஊரிலிருந்து போனால் உண்டு. அந்தக் கணக்கோடு யாரும் சண்டை போட முடியாது. சரி, ஆர்டர் அங்கே போனாலும் பீஸ் கெட்டால் போன் எனக்குத்தான் வரும். அப்படித்தான் டாக்காவை ஒட்டிய நாராயண்கஞ்சுக்கு அடிக்கடி போய்வர ஆரம்பித்தேன்.

அங்கே ஒரு கம்பெனியில் நாங்கள் கொண்டுவந்தது பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை முறை. கார்மென்ட்ஸ்காரர்களுக்குப் புதிதல்ல. மூன்று அட்டையும் மெஷினில் தொங்கும். லைன் கியூசி (தையல் வரிசையில் தரம் பார்க்கிறவர்) ஒவ்வொரு மெஷினுக்கும் சுற்றி வந்து ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து, அதற்குரிய அட்டையை முன்னால் திருப்புவார். ஏழும் சரியென்றால் பச்சை. சின்னக் குறை ஒன்று இருந்தால் மஞ்சள். பெரிய குறை இருந்தால் சிவப்பு. அந்தக் கட்டு முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் மேலே தைக்க வேண்டும். ஆறு வருடம் ஓட்டியபின் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது கடைசி நேர இன்ஸ்பெக்ஷன் மட்டும்தான். பெட்டி கட்டியபின் ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) அட்டவணையைப் பார்த்துப் பீஸ் எடுப்பது. 9,000 பீஸ் ஆர்டர் என்றால் 200 எடுக்க வேண்டும். ஏக்யூஎல் 2.5-க்கு, 10 வரை குறை இருந்தால் பாஸ், 11 என்றால் ஃபெயில். இதை வைத்துக்கொண்டு “சரக்கில் 2.5 சதவீதத்துக்கு மேல் குறை இருக்காது” என்று பையரிடம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிஜத்தில் 5 சதவீதம் குறை உள்ள சரக்கு இந்தச் சோதனையில் தப்பித்துப் போக நூற்றுக்கு 58 வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்குப் பக்கத்தில் வருகிறது. ஃபெயில் ஆனாலும் என்ன பயன்? கப்பல் தேதிக்கு நான்கு நாள்தான் இருக்கும். எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பொறுக்கிவிட்டு, கப்பல் தவறிப் போய் விமானத்தில் அனுப்பும் செலவு யாருடையது என்று சண்டை போடுவோம்.

ஆகவே அட்டை. முதல் எட்டு மாதம் பிரமாதமாகப் போனது. எப்போது போனாலும் லைன் முழுக்கப் பச்சை. ஆனால் கடைசி இன்ஸ்பெக்ஷனில் ஊசித் துளையும் ஸ்கிப் தையலும் (இடையில் விட்டுப்போன தையல்) பழையபடியே வந்துகொண்டிருந்தன. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் லைன் காலியாக இருந்தபோது, மெஷினில் தொங்கிய அட்டைக் கற்றைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பச்சை அட்டைகள் விரல் அழுக்கும் எண்ணெயும் பட்டு மடங்கிப் போயிருந்தன. பின்னால் இருந்த சிவப்பு அட்டைகள் கடையில் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே பளபளத்தன.

லைனை மேற்பார்க்கிற லைன் சீஃபைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஷொமொஷ்ஷா நாய்” என்றார். பிரச்சினை இல்லை என்று பொருள். (முதல் தடவை கேட்டபோது எங்கே நாய் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.) பிரச்சினை இருந்தது. சிவப்பு விழுந்தால் தையல்காரரை எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள், அந்த மணிநேர டார்கெட் போகும், லைன் சீஃபின் பெயரும் மேலே போகும். கியூசி பெண்ணும் அதே லைனில் அதே ஆட்களோடு சாப்பிடுகிறவர். யார் மனசு வந்து சிவப்பைத் திருப்புவார்?

விதியை மாற்றினோம். சிவப்பு விழுந்தால் முதலில் மெக்கானிக் வர வேண்டும். மெஷினும் ஊசியும் பார்த்தபின்தான் ஆளைப் பற்றிப் பேச்சு. முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு பயணம் பிடித்தது. அடுத்த மாதம் சிவப்பு மளமளவென்று விழுந்தது. “உங்கள் முறை வந்தபிறகுதான் என் தரம் கெட்டுவிட்டது” என்று முதலாளி என்னிடமே கத்தினார். அன்றைக்குத்தான் முறை வேலை செய்ய ஆரம்பித்தது என்பேன்.

14-ஆம் மெஷினில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) வைக்கிற ஆபா ஒருவர் (அங்கே அக்காவுக்கு ஆபா). நல்ல கை. ஆனால் மூன்று மணிக்கு மேல் அவருக்குத் தவறாமல் சிவப்பு. மெக்கானிக் பார்த்தார், மெஷினில் கோளாறு இல்லை. ஊசியைக் கழற்றி நகத்தில் உரசினேன். முனை மழுங்கி நகத்தில் கோடு விழுந்தது. மழுங்கிய ஊசி பின்னல் துணியில் நூலை ஒதுக்காமல் அறுத்துவிடும், பல துளைகள் சலவைக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், பதில் எங்கள் விதியிலேயே இருந்தது. உடைந்த ஊசித் துண்டு உடுப்பில் போய்விடக் கூடாது என்பதற்காக, பழைய ஊசியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதுசு தருவார்கள். ஊசி அறை கீழ்த்தளத்தில். போய் நின்று வாங்கி வரக் கால் மணி நேரம். டார்கெட்டை விட்டுவிட்டு யார் போவார்? ஊசி தானாக உடையும்வரை ஓட்டினார்கள். நாங்களே போட்ட ஒரு தர விதி இன்னொரு தரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் ஊசி வண்டி லைனுக்கே வருகிறது. கையெழுத்து அதே, நடை மட்டும் குறைந்தது.

துணிப் பக்கம் வேறு கதை. காம்பாக்டிங் பிரிவில் (துணியை அழுத்திச் சுருக்கம் சரிசெய்யும் இடம்) ஜிஎஸ்எம்முக்கு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடைக்கு, கட்டுப்பாட்டு வரைபடம் (அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று புள்ளி வைத்துப் பார்ப்பது) வைத்தோம், ஷூவார்ட் என்ற அமெரிக்கர் 1924-ல் வரைந்து காட்டிய அதே வகை. வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடையை நூறால் பெருக்கி, புள்ளி வைக்க வேண்டியதுதான். 180 கேட்ட துணி ஜூன் மாதம் 185, 186 என்று ஏறியது. டையிங் மாஸ்டர் கெட்டிக்காரர், மெஷினைத் திருத்தி 175-க்கு இறக்கினார். ஐரோப்பாவில் பரிசோதனைக் கூடத்தில் எடை போட்டால் 169. ஐந்து சதவீத விலக்குக்கும் கீழே. மழைக்காலத்துப் பருத்தி ஈரம் குடித்து கனத்திருக்கிறது, அவ்வளவுதான். துணி மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது. வரைபடத்தின் மேல் தப்பில்லை. அளந்த இடம்தான் தப்பு. இப்போது சாம்பிளை 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பத அறையில் நாலு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் எடை போடுகிறார்கள். அந்த அறைக்கு ஆன செலவு, ஒரு கிளெய்ம் (பையர் கேட்கும் நஷ்டஈடு) வராமல் போனதிலேயே தேறிவிட்டது.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் முடிந்துவிடும் சின்ன ஆர்டரில் அட்டை வீண்; ஆள் பழகுவதற்குள் ஸ்டைல் மாறிவிடும். சுற்றி வருகிற கியூசிக்குத் தனிச் சம்பளம் வேண்டும், அந்த வேலையைப் பேக்கிங் ஆளிடம் சேர்த்துக் கொடுத்தால் அட்டை வீட்டுக் காலண்டர் மாதிரி வாரத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். 2020-ல் விமானம் நின்றபோது வீடியோவில் பார்த்தோம். வீடியோவில் எல்லா லைனும் பச்சைதான்.

பெரிய ஓட்டை, வெளியே கொடுத்துத் தைப்பது. ஒரு ஆர்டரில் லைன் பதிவேட்டில் நாளுக்கு 1,400 பீஸ், பேக்கிங்கில் 2,100. மிச்சம் 700 எங்கே தைத்தது என்று நான் கேட்டபோது, “ஷொமொஷ்ஷா நாய்” கூட வரவில்லை. அந்த 700-க்கு எந்த அட்டையும் தெரியாது. அன்றிலிருந்து, போன உடனே முதலில் நான் கேட்பது இந்த இரண்டு பதிவேட்டைத்தான், லைனுக்குப் போவது அப்புறம்.

கடைசி இன்ஸ்பெக்ஷனை நிறுத்திவிட்டோமா என்றால், இல்லை. பையர் கேட்கிறார், செய்கிறோம். இப்போது அதில் புதிதாக எதுவும் தெரிய வருவதில்லை.

போன வருடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று இதைக் கேள்விப்பட்டு அட்டை கேட்டது. ஊசி வண்டி, மெக்கானிக் விதி எல்லாம் சொன்னேன். அதெல்லாம் பிறகு பார்க்கலாம், அட்டையை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் போனேன். லைன் முழுக்கப் பச்சை.